அந்தோனியாருக்குக் கொடுக்காத இரண்டு காதுகள்

என்னிடம் இரண்டு வெள்ளிக் காதுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பெருவிரல் நகத்தின் அளவு. மெல்லிய தகட்டில் அச்சு வைத்து அடித்தவை. இரண்டுமே இடது காதுகள். நகைக்கடையில் அன்றைக்கு இடது காதின் அச்சு மட்டும்தான் இருந்ததாம். அந்தோனியார் இடம் வலம் பார்க்கிறவர் அல்ல என்று கடைக்காரர் அம்மாவுக்குச் சமாதானம் சொல்லி விற்றிருக்கிறார்.

உடம்பில் எந்த உறுப்புக்கு வருத்தம் வந்ததோ அந்த உறுப்பை வெள்ளியில் செய்வித்து, வருத்தம் மாறியதும் கோயிலில் கொண்டுபோய் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கொழும்புத்துறைக் கரையில் உள்ள எங்கள் சின்னக் கோயிலில், அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் ஒரு பித்தளைத் தட்டம் இருக்கும். திருநாள் நேரத்தில் அதைப் பார்த்தால் கண், கால், கை, வயிறு என்று ஒரு ஆஸ்பத்திரி வார்டே அதற்குள் கிடக்கும். அந்தத் தட்டத்துக்குப் போயிருக்கவேண்டிய இரண்டு காதுகளைத்தான் நான் வைத்திருக்கிறேன். எட்டு வயதில், முதல் நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, எடுப்பதற்கு மூன்று கிழமை இருக்கும்போது களவெடுத்தேன். முதல் நன்மைக்கு முன் சுவாமியிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் மாமி வீட்டு மாங்காயைச் சொன்னேன். அம்மாவிடம் சொன்ன பொய்களில் நாலைந்தைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை.

அப்போது எங்கள் வீட்டில் மூன்று பேர். அதில் இரண்டு பேருக்குக் காது கேட்காது.

அப்பா கடலுக்குள் சங்கு எடுக்க இறங்குகிறவர். சண்டைக் காலத்தில் கடல் அவருக்குப் பூட்டித்தான் கிடந்தது. மேசன்மாருக்குக் கல்லும் சாந்தும் சுமந்து எங்களுக்குச் சோறு போட்டார். சண்டை முடிந்து கடல் திறந்த உடனே, ஒரு நாளைக்கூட வீணாக்காமல், காற்றுச் சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். ஆழத்துக்குப் போகும்போது காது அடைக்கும், ஏறி வந்ததும் திறந்துவிடும் என்பார். முதலில் அது திறக்க ஒரு மணித்தியாலம் ஆனது. பிறகு ஒரு நாள் ஆனது. நான் அவரைக் கவனிக்கத் தொடங்கிய வயதில், ஆள் மட்டும் கரைக்கு வருவார், காது கடலுக்குள்ளேயே நின்றுவிடும்.

என்னுடையது எப்போது போனது என்று எனக்கே தெரியாது. மாரி வந்தால் மூக்கடைத்துத் தடிமன் வரும். மாரி போனால் தடிமன் போய்விடும். போகும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் காதையும் கொண்டுபோயிருக்கிறது. எல்லோருக்கும் உலகம் இப்படித்தான், பக்கத்து அறையில் நடப்பதுபோல் கேட்கிறது என்று நான் நினைத்திருந்தேன். ஆட்களின் வாயைப் பார்த்தால் பாதி விளங்கும். மீதிக்குத் தலையாட்டினால் போதும். தலையாட்டும் பிள்ளையை யாரும் ஏசுவதில்லை என்பதை மிகச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்திருந்தேன். அது அப்பாவிடம் இருந்து வந்த பழக்கம். கேட்காத கேள்விகளுக்கெல்லாம் அவரும் தலையாட்டுவார். அதனால் ஊரில் அவருக்கு நல்ல மனுசன் என்ற பெயர்.

அம்மாவுக்கு நாங்கள் இரண்டு பேரும் பெரிய தண்டனை. காலையில் தொடங்கினால் படுக்கும்வரை கத்திக்கொண்டிருப்பார். இந்த வீட்டில் தனக்கு மறுமொழி சொல்வது கோழி மட்டும்தான் என்று பக்கத்து வளவில் இருந்த மாமியிடம், அதாவது அப்பாவின் அக்காவிடம், வேலிக்கு மேலால் சொல்லுவார். அதையும் கத்தித்தான் சொல்லுவார், பழக்கம் அப்படி. மாமி பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயோடு வருவார். எனக்கு இரண்டு சொட்டு, அப்பாவுக்கு நாலு சொட்டு. நாங்கள் இரண்டு பேரும் தலையைச் சரித்துக்கொண்டு ஒரே மர வாங்கில் கிடப்போம். எண்ணெய் காதுக்குள் சூடாக இறங்கும்போது அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார்.

எனக்கும் அப்பாவுக்கும் ஒரு தனிப் பாஷை இருந்தது. கடலுக்கடியில் வாய் திறக்க முடியாது என்பதால் இறங்குகிறவர்கள் கையால்தான் கதைப்பார்கள். அதை அப்பா எனக்கும் பழக்கிவிட்டிருந்தார். விரல்களை வட்டமாக்கினால் எல்லாம் சரி. கட்டைவிரல் மேலே போனால் ஏறு, கீழே போனால் இறங்கு. கையை விரித்து ஆட்டிவிட்டுக் காதைத் தொட்டால் காதில் ஏதோ பிழை. அதற்கு ஒரு சட்டமும் உண்டு. ஒருவர் காதைத் தொட்டுக் காட்டினால் இறங்கிய இரண்டு பேரும் ஏறிவிடவேண்டும். மற்றவனுக்குச் சங்கு குவிந்து கிடந்தாலும் சரி, கேள்வி இல்லை. சாப்பாட்டு நேரத்தில் அம்மா எங்களைப் பார்த்து உரத்துக் கதைக்கத் தொடங்கினால் அப்பா மேசைக்குக் கீழே கட்டைவிரலை உயர்த்துவார். நான் உடனே சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஏறிவிடுவேன். எனக்குத் தெரிந்த மனிதர்களில் மிகத் தெளிவாகக் கதைப்பவர் அப்பாதான் என்று அந்த நாளில் யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் ரீச்சர் என்னைத் திமிர் பிடித்தவள் என்றுதான் நினைத்திருந்தார். கோயிலின் ஞானோபதேச வகுப்பிலும் அதே கதைதான். பிறகு ஒருநாள் ரீச்சர் எனக்குப் பின்னால் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். மூன்று முறை. வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் மட்டும் படம் கீறிக்கொண்டிருந்தேன். அன்று பின்னேரம் என் கொப்பிக்குள் அம்மாவுக்கு ஒரு துண்டு வந்தது. பிள்ளையின் காதைக் காட்டுங்கள் என்று எழுதியிருந்தது. அம்மா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு ஒன்றும் கத்தாமல் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது.

காது மூக்கு தொண்டை கிளினிக்குக்கு மூன்று பேருமாகப் போனோம். சின்ன அறைக்குள் இருத்தி, தலையில் ஒன்றை மாட்டி, கையில் ஒரு பொத்தானைத் தந்தார்கள். சத்தம் கேட்கும்போது அழுத்தவேண்டும். இது சோதனை என்று யாரோ சொன்னதும் எனக்கு ரோசம் வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெசினோடு இருந்தவரின் வலது தோள் ஒவ்வொரு முறையும் சின்னதாக அசைந்தது. தோள் அசையும்போதெல்லாம் அழுத்தினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. நூற்றுக்கு நூறு எடுத்த பெருமையோடு வெளியே வந்தேன்.

ரிப்போட்டைப் பார்த்த டொக்டர் என்னைப் பார்த்தார். இளம் பெண். என் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், வேறொரு கருவியை வைத்துப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த ஒரு கோப்பை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டார். நான் கோப்பின் அட்டையைப் பார்த்தபடி இருந்தேன். ஏதோ கேட்கிறார் என்று அவருடைய கண்ணில் இருந்து தெரிந்தது. தலையாட்டினேன். என் பெயர் என்ன என்றுதான் அவர் கேட்டாராம்.

வாயை மறைத்த கோப்பை விலக்காமலே அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார். பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டாராம். அப்பாவும் தலையாட்டினார்.

அம்மா அந்த இடத்திலேயே அழத் தொடங்கிவிட்டார். டொக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பிறகு அவரே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அப்பாவையும் கதிரையில் இருத்தி வெளிச்சம் அடித்துப் பார்த்தார். அங்கே கதைத்தது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. அம்மா பிறகு மாமிக்குச் சொல்லும்போது, வாயைப் பார்த்துப் பொறுக்கியதுதான். எனக்குக் காதுச் சவ்வுக்குப் பின்னால் பசைபோல் நீர் தேங்கி நிற்கிறது. சவ்வில் சின்ன ஓட்டை போட்டு நீரை இழுத்துவிட்டு, காற்றுப் போய்வர ஒரு குட்டிக் குழாயைச் செருகிவிடுவார்கள். அப்பாவுக்கும் அதே நீர்தான். பெரிய ஆட்களுக்கும் அதே குழாய் வைக்கலாம், மயக்கம்கூடத் தேவையில்லை, விறைக்கப் பண்ணிவிட்டுக் கால் மணித்தியாலத்தில் முடித்துவிடலாம். காதுக்குக் கிட்ட உரத்து விளக்கியபிறகு அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்; அதை அம்மா எனக்குச் சொன்னது பல வருடம் கழித்து.

"கடலுக்கை திரும்ப இறங்க எத்தினை நாள் செல்லும், டொக்டர்?"

"குழாய் இருந்தா இறங்கேலாது, ஐயா. இல்லாட்டிலும் உங்கடை காதுக்கு இனிக் கடல் கூடாது."

"அப்ப முதல் பிள்ளைக்கு வையுங்கோ. என்ரையைப் பிறகு பாப்பம்."

நான் பார்த்தது இதைத்தான். அப்பா என் பக்கம் திரும்பினார். கையை விரித்து ஆட்டினார், காதைத் தொட்டார். என்னைக் காட்டிக் கட்டைவிரலை மேலே உயர்த்தினார். தன்னைக் காட்டிக் கீழே இறக்கினார். டொக்டரின் தட்டத்தில் ஒரு ஊசி பளபளத்துக்கொண்டிருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பாவுக்கு ஊசிக்குப் பயம்.

சத்திரசிகிச்சைக்கு முன் டொக்டர் அந்தக் குழாயை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது, நீலநிறம். தையல் மெசினில் நூல் சுற்றும் கட்டையைப் பொம்மைக்குச் செய்ததுபோல் இருந்தது. ஒரு முகமூடியை வைத்து எண்ணச் சொன்னார்கள். ஆறு வரை எண்ணியது நினைவிருக்கிறது. கண் விழித்தபோது யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள் என்று பயந்து அழுதேன். அம்மாதான். கத்தவில்லை, மெதுவாகத்தான் கூப்பிட்டாராம்.

அன்றைக்கு வார்டில் ஒரு தாதி செருப்பை இழுத்து இழுத்து நடந்தார். அந்தச் சத்தத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியாது. செருப்புக்குச் சத்தம் இருக்கிறது என்பதே எனக்குப் புதினம். பிஸ்கட் பக்கற்றின் கடதாசி, காற்றாடி, பக்கத்துக் கட்டில் குழந்தையின் மூக்கு உறிஞ்சல் எல்லாமே சத்தம் போட்டன. உலகத்தில் இவ்வளவு தேவையில்லாத சத்தம் இருக்கிறதே என்று எனக்குக் கோபமாகவும் வந்தது. வீட்டுக்கு விடும்போது அம்மா மருந்து எடுக்க வரிசையில் நின்றார். குழாய்க்கு என்ன என்ன கவனம் என்பதை அப்பாவிடம்தான் சொன்னார்கள். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அம்மா வந்து கேட்டபோது, தண்ணி படக்கூடாதாம் என்று ஒரே வரியில் சொல்லி முடித்தார்.

தண்ணீர் படக்கூடாது என்பதை அம்மா ஒரு ஆட்சியாகவே நடத்தினார். கிணற்றடியில் வாஸ்லீன் பூசிய பஞ்சை இரண்டு காதிலும் அடைத்துவிட்டுத்தான் என் மேல் தண்ணீர் ஊற்றுவார். மாமியின் எண்ணெய்க்குத் தடை. கடற்கரைக்குத் தடை. மழைத் தூறலுக்கே குடை.

எனக்குக் கேட்கத் தொடங்கியதும் அப்பாவோடு இருந்த கூட்டு மெல்ல உடைந்தது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அம்மா சமையலறையில் இருந்து ஏதாவது கேட்டால் இப்போது நானே மறுமொழி சொல்லுவேன். அப்பா மேசைக்குக் கீழே கட்டைவிரலை உயர்த்திக்கொண்டே இருப்பார், நான் எழும்பமாட்டேன். ஒருநாள், வாயால் சொல்லுங்கள், நான் என்ன ஊமையா என்று கேட்டேன். அவருக்குக் கேட்டிருக்காது. கையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். மெதுவாகச் சொல்வதாக அவர் நினைப்பு. சுவாமி பிரசங்கத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"அப்பா, மெல்லக் கதையுங்கோ. எல்லாரும் பாக்கினம்."

நான் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. கோயிலில் இருந்த மற்ற எல்லோருக்கும் கேட்டது. அப்பா எல்லோரையும் பார்த்துத் தலையாட்டினார்.

அது போதாதென்று, அவர் ஊசிக்குப் பயந்த கதையையும் நான் ஊர் முழுக்கப் பரப்பியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் சொன்னேன், கடையில் சொன்னேன், மாமிக்கு நடித்தே காட்டினேன். எட்டு வயதுப் பெட்டை சிரித்துக்கொண்டு வைத்ததை, நாற்பது வயது மனுசன் பயந்து வேண்டாம் என்றுவிட்டார். அப்பாவோடு வள்ளத்தில் போகிறவர்கள் அவரைப் பயந்தாங்கொள்ளி என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். அவர்கள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று நக்கலடித்த ஒரு பின்னேரம், அப்பா தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

"ஓம், எனக்குப் பயம்தான்," என்றார். "பிள்ளை சொல்லுறது சரி."

இனித்தான் களவு.

குழாய் வைத்து ஏழெட்டு மாதம் இருக்கும். மாமி வீட்டுப் பிள்ளைகளோடு அம்மாவுக்குத் தெரியாமல் கரைக்குப் போனேன். முழங்கால் அளவுத் தண்ணீர். எல்லோரும் முக்குளித்து விளையாடினார்கள். எனக்கு ஒரு ஆசை வந்தது. விளையாட அல்ல. அந்தப் பழைய கேட்காமையை ஒரு தடவை திரும்பவும் கேட்டுப் பார்க்கவேண்டும் என்று. மூக்கைப் பொத்திக்கொண்டு தலையை உள்ளே விட்டேன். எல்லாச் சத்தமும் ஒரே அடியாக நின்றது. பழைய வீட்டுக்குள் போனதுபோல் சுகமாக இருந்தது. ஐந்து வரை எண்ணிவிட்டு எழும்பினேன்.

இரண்டு கிழமை கழித்து, ஒரு காலை, தலையணையில் அந்த நீலக் குழாய் கிடந்தது.

எனக்கு வந்த பயத்துக்கு அளவே இல்லை. கடல் என் காதைத் திருப்பி எடுத்துக்கொண்டது. அம்மாவுக்குத் தெரிந்தால் என்னைக் கொன்றுபோடுவார். இனி நான் திரும்பத் திமிர் பிடித்தவள். குழாயை அழிறப்பரின் கடதாசிக்குள் சுற்றிப் பென்சில் பெட்டிக்குள் ஒளித்துவைத்தேன். மற்றக் காதைப் பொத்திக்கொண்டு மணிக்கூட்டுக்குக் கிட்டப் போய் நின்று பார்த்தேன். கேட்டது. அது எனக்கு ஆறுதலாக இல்லை. அந்தோனியார் திருநாள் வரைக்கும் தவணை தந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போக முன் மணிக்கூட்டுக்கு முன்னால் போய் நிற்பேன். நல்ல பிள்ளை, நேரம் பார்க்கப் பழகுகிறாள் என்று அம்மா மாமியிடம் சொன்னார்.

திருநாள் அன்று அம்மா வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, நகைக்கடையின் ரோஸ் நிறக் கடதாசிப் பொட்டலத்தை என் கையில் தந்தார். பிரித்துப் பார்த்தேன். நாலு காதுகள்.

எனக்கு இரண்டு காதுதானே என்று கேட்டேன். அம்மாவின் முகம் ஒருமாதிரிப் போனது.

"நாலையும் வைச்சிட்டு வா. துருவித் துருவிக் கேக்காதை," என்றார். நான் படலையைத் தாண்டியபிறகு பின்னால் இருந்து, "வைக்கேக்கை அப்பாவுக்கும் சேத்து மண்டாடு," என்றும் சொன்னார். அவர் மெதுவாகச் சொன்னாலும் எனக்குக் கேட்டது. ஆனால் காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை. என் மனம் முழுக்கப் பென்சில் பெட்டியில் இருந்தது.

வரிசையில் நின்றபடி யோசித்தேன். எனக்கு இரண்டு காது. அதற்கு இரண்டு வெள்ளி போதும். மற்ற இரண்டும் உபரி, கடைக்காரர் சோடியாகத் தள்ளிவிட்டிருப்பார். ஒரு குழாய் விழுந்துவிட்டது. மற்றதும் நாளைக்கோ நாளையின்றைக்கோ விழப்போகிறது. அப்போது அந்தோனியாரிடம் வெறுங்கையோடு போய் நிற்க முடியுமா? எல்லாவற்றையும் இன்றைக்கே கொடுத்து முடித்தால் பிறகு எதைக் காட்டிக் கேட்பது? என் முறை வந்தது. இரண்டைத் தட்டத்தில் போட்டேன். விழும்போது சின்னச் சத்தம் கேட்டது. மற்ற இரண்டும் சட்டைப் பைக்குள் இருந்தன. அந்தோனியார் எனக்கு மேலால் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலும் வைச்சனியே?" என்று அம்மா கேட்டார்.

"ஓம்."

அடுத்த மாதக் கிளினிக்கில் டொக்டர் என் காதுக்குள் பார்த்துவிட்டு, ஒரு குழாய் தானாக விழுந்துவிட்டது, நல்லது, சவ்வும் நன்றாக மூடியிருக்கிறது என்றார். அம்மா திகைத்துப்போனார். அந்தக் குழாய்கள் தாமாகவே ஒரு வருடத்துக்குள் விழத்தான் செய்யும், அதை அன்றைக்கே சொல்லியாயிற்றே என்றார் டொக்டர். எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா தலையாட்டினார். அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். தேவையே இல்லாமல் களவெடுத்த இரண்டு காதுகள் பென்சில் பெட்டிக்குள் கிடந்தன. மற்றக் குழாயும் அந்த வருடம் முடிவதற்குள் விழுந்துவிட்டது. வருகிற திருநாளுக்குக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று நினைத்தேன். வந்தது. அடுத்ததற்கு என்று தள்ளினேன். இப்படியே பள்ளிக்கூடம் முடிந்தது.

அப்பா பிறகும் ஒன்பது வருடம் இறங்கினார். ஒருநாள் ஏறி வரும்போது தலை சுற்றி, எந்தப் பக்கம் மேல் எந்தப் பக்கம் கீழ் என்று தெரியாமல், கூட வந்தவர்கள் பிடித்து இழுத்துத்தான் வள்ளத்தில் போட்டார்கள். அதோடு சிலிண்டரை விற்றுவிட்டார். அந்த வருடம்தான் அவருக்கும் குழாய் வைத்தார்கள். நான்தான் கூடப் போனேன். விறைப்பு மருந்துக்கு ஊசி ஏற்றும்போது அவர் கண்ணைக்கூட மூடவில்லை, சுவரில் இருந்த கலண்டரை வாசித்துக்கொண்டிருந்தார். வலது காது நன்றாகவே திரும்பி வந்தது. இடது காது இனி வராது, காலம் கடந்துவிட்டது என்றார்கள்.

போன கிழமை அம்மா திருநாளுக்கு மெழுகுதிரி வாங்கிக்கொண்டு வந்து, அந்தோனியாரைக் குறைசொல்லத் தொடங்கினார். வருடா வருடம் சொல்வதுதான், நான் கவனித்துக் கேட்டதில்லை. இந்த முறை கேட்டேன்.

"நாலு காது குடுத்தனான்," என்றார் அம்மா. "ரெண்டு உனக்கு, ரெண்டு கொப்பருக்கு. சுகம் வந்தாப் பிறகு குடுக்கிறதுதான் முறை. இந்த மனுசன் கடலை விடமாட்டன் எண்டு நிண்டதாலை நான் முன்னுக்கே குடுத்தன். அந்தோனியார் மூண்டைத்தான் தந்தவர். அதிலையும் ஒண்டு ஒம்பது வருசம் பிந்தி."

இரண்டை வாங்கிக்கொண்டு மூன்றைக் கொடுத்த அந்தோனியாரை அம்மா பதினைந்து வருடமாக ஏசிக்கொண்டிருக்கிறார். பாதிச் சோற்றோடு எழும்பினேன். கோப்பையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அப்பா தொட்டிக்குப் பக்கத்தில் இருந்து மீன் வெட்டிக் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய வலது பக்கமாகப் போய் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடலில் தலை வைத்ததில் இருந்து தட்டத்தில் விழுந்த சத்தம் வரைக்கும்.

அவர் கத்தியை நிறுத்தவில்லை.

"தெரியும்," என்றார். "அந்தக் கிழமையே போன் நம்பர் ஒண்டு எழுதப் பென்சில் எடுக்கேக்கை கண்டனான். குழாயும் கிடந்தது."

"ஏன் அம்மாட்டைச் சொல்லேல்லை?"

"கொம்மா நேந்தது காதுக்கில்லைப் பிள்ளை. நான் கடலை விடவேணும் எண்டுதான். நாலும் போயிருந்தா நான் விட்டிருக்கவேணும். அந்தோனியாரோடை மல்லுக்கட்டேலுமே?" மீனைத் திருப்பிப் போட்டார். "அப்பத்தான் கடல் திறந்தது. நீ வேறை படிக்கத் தொடங்கியிருந்தாய். நீ எடுத்தது எனக்கு வசதியாப் போச்சு."

எனக்குத் தெரியாமலே அழுதிருக்கிறேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, ஈரக் கையாலேயே விரல்களை வட்டமாக்கிக் காட்டினார். எல்லாம் சரி. பிறகு, இந்த வருடம் கொண்டுபோய் வைத்துவிடு, இனி நான் இறங்கமாட்டேன் என்றார். அம்மாவுக்குச் சொல்லவேண்டாம், அவவுக்கு ஏசுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்றும் சொன்னார்.

எட்டு வயதில் எனக்கு அந்தக் கைப்பாஷை முழுக்கத் தெரியும். ஒருவர் காதைத் தொட்டுக் காட்டினால் இரண்டு பேரும் ஏறவேண்டும் என்ற சட்டமும் தெரியும். கிளினிக்கில் அப்பா காதைத் தொட்டுக் காட்டி, என்னை மட்டும் ஏறச் சொல்லிவிட்டுத் தான் திரும்ப இறங்கினார். கண் முன்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருந்த நான், அவருக்கு ஊசிக்குப் பயம் என்று ஊருக்குச் சொல்லித் திரிந்தேன்.